திருவான்மியூர் முதல் புதுச்சேரி வரை: நாய்க்கும் ஒரு பந்தி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்று பாருங்கள். கார் ஜன்னலில் தலைநீட்டிக்கொண்டு நாய்கள் போகும். திருவான்மியூரிலிருந்து ஈஞ்சம்பாக்கம் வரை, நாயோடு உட்கார இடம் தரும் உணவகங்கள் பெருகிவிட்டன. மரத்தடி மேசை, கிண்ணத்தில் தண்ணீர், உப்பில்லாமல் வேகவைத்த கோழி. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும் என்று தெரிந்து சமைக்கிறவர்கள் பாராட்டுக்குரியவர்கள்.

உத்தண்டி சுங்கச்சாவடியையும் முட்டுக்காடு பாலத்தையும் தாண்டினால் கோவளம். நான் வளர்ந்த கரை அது. அங்கே வலை உதறும் இடத்தில்தான் நாய்கள் பிழைத்தன. ஒதுக்கிப்போட்ட பொடிமீன் அவற்றின் பங்கு. 2021இல் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. நாய்களைக் கட்டுப்படுத்துவதும் அதன் நிபந்தனைகளில் ஒன்று. குளிக்கிற இடத்தில் அது நியாயமே. ஆனால் இந்தக் கரையெங்கும் சாப்பாட்டுக் கடைகளின் பின்கட்டைப் பாருங்கள். பிரியாணி எலும்பு பிளாஸ்டிக் பையோடு கிடக்கிறது. வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். எச்சில் குவியும் இடத்தில் நாய்க்கூட்டம் பெருகும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மணலும் இதுதான். பசித்த கூட்டம் அந்தக் குழிகளைத் தோண்டிவிடுகிறது. பழி நாய்க்கு, குப்பை நம்முடையது.

மாமல்லபுரத்தைச் சொன்னால் எனக்கு மாசி மகம்தான் நினைவுக்கு வரும். இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து கடற்கரையில் துணிக்கூடாரம் போடுவார்கள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு இருட்டோடு போவேன். விடியும்போது மணலில் ஏழு படி கட்டி, பூ வைத்து, தேங்காய் பழம் படைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். அங்கேயே கல்யாணமும் நடக்கும். மூன்று கல் கூட்டிய அடுப்பில் சோறு பொங்கிய ஒரு பாட்டி, முதல் பிடியை ஆறவைத்துக் கொட்டாங்குச்சியில் தன் நாய்க்கு வைத்தார். நான் வேடிக்கை பார்ப்பதைக் கண்டு, "இதுவும் எங்ககூட நடந்துதானே வந்துச்சு, சாமி" என்றார். பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகுதான் பரிமாறினார். நாயை மதிக்கும் பந்தி எப்படி இருக்கும் என்பதை அங்கேதான் கண்டேன்.

கல்பாக்கம், கடப்பாக்கம் கடந்தால் மரக்காணம் உப்பளங்கள், நிழலே கிடையாது. மதியத் தார் நாயின் பாதத்தைப் பொசுக்கும். கண்ணாடியை ஏற்றி நாயைக் காருக்குள் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்புவதற்குள் உயிர் போய்விடும். நகரத்துக் கடையைவிட இந்த வழியோர டீக்கடைக்குத்தான் ஒரு கீற்றுப் பந்தலும் தண்ணீர்த் தொட்டியும் அவசரத் தேவை.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுகிறார்கள். நாயும் மனிதரும் நிம்மதியாக நடக்கிறார்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழுத்துப்பட்டையோடு வரும் நாய்க்குக் கிண்ணம் வைக்கிறீர்கள், நல்லது. பின்கட்டுக் குப்பைத்தொட்டிக்கு மூடியும் போடுங்கள். வாசலில் படுக்கும் நாட்டு நாயைக் கல்லால் அடிக்காதீர்கள். 2023ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி அதற்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு. அதைச் செய்யச் சொல்லி மனுக் கொடுங்கள், நடக்கும்வரை விடாதீர்கள்.