தொங்கல்

ஒட்டன்சத்திரம் தாண்டிவிட்டால் பழநிப் பாதயாத்திரையில் பேச்சு நின்றுவிடும். தை மாதம், இரவு இரண்டு மணி. இடப்பக்கம் கொடைக்கானல் மலை, இருட்டுக்குள் இன்னொரு இருட்டாக. முன்னால் உறுமியும் பம்பையும். தகிட, தகிட, தகிட. ஒரு மணி நேரமாக அதேதான். கண்ணை மூடிக்கொண்டே நடக்கலாம், நடந்தேன்.

அடிக்கு ஓர் எழுத்தாக 'தகிட' சொல்லி நடந்து பாருங்கள். முதல் 'த' இடக்காலில் விழுந்தால் அடுத்த 'த' வலக்காலில் விழும். 'தகதிமி' என்றால் அழுத்தம் முழுக்க ஒரே காலுக்கு. காவடிச் சிந்து மெட்டுகள் பலவும் மும்மூன்றாகத் துள்ளுவதற்குச் சுமக்கிறவரின் கால்தான் காரணமோ என்னவோ. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடியது கழுகுமலை முருகன்மேல். பழநிச் சாலைக்கும் அது பொருந்திப் போகிறது.

திடீரென்று உறுமிக்காரர் 'தகதிமி'க்குத் தாவினார். வேகம் கூடவில்லை. ஆனால் தூங்கிய கால்கள் எல்லாம் தடுமாறி விழித்தன. இரண்டு சுற்று அடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் பழைய 'தகிட'வுக்கே திரும்பிவிட்டார்.

அருணகிரிநாதர் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே செய்த வேலை இது. பழநிக்கு மட்டும் தொண்ணூறுக்கும் மேற்பட்ட திருப்புகழ்கள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் பாட்டுக்குப் பாட்டு சந்தம் வேறு. பல பாட்டுகளில் ஒரு சந்தத்தை மூன்று தடவை உருட்டுவார். காது பழகி அசரும் நேரத்தில் 'தனதான' என்று குட்டியாக ஒரு தொங்கல். அந்த மூன்று இல்லாவிட்டால் தொங்கலுக்குச் சுவையே கிடையாது. அடிக்கடி தாளம் மாற்றுகிற இன்றைய சில பாட்டுகள் எனக்குச் சலிப்பூட்டுவது இதனால்தான்: பழகவே விடுவதில்லை, பிறகு எதை மாற்றுவது?

சந்தத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. 'தத்த', 'தந்த' இரண்டுக்கும் மாத்திரை ஒன்றுதான். முன்னது தோலில் அறைகிற அடி, பின்னது உறுமியில் குச்சியை இழுக்கும்போது எழும் முனகல். கணக்கைத் தொடாமலே ஓசையை மாற்றிவிடலாம்.

சத்திரப்பட்டி டீக்கடையில் உறுமிக்காரரைப் பிடித்தேன். "ஏண்ணே நடுவுல மாத்துனீங்க?"

"பின்ன? நீங்க தூங்கிட்டா நான் யாருக்குத் தம்பி அடிக்கிறது?" என்றவர், டீயை இரண்டே மடக்கில் குடித்துவிட்டு வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார்.