பனிக்காலத்தில் முட்டை ஏன் நிற்கிறது?

மொன்றியலின் ரோஸ்மொண்ட் பகுதியில் அனுமதி எடுத்தால் வீட்டு வளவில் பேட்டுக்கோழி வளர்க்கலாம், சேவல் கூடாது. நவம்பரில் எங்கட மூன்று பேடும் முட்டை போடுறதை நிப்பாட்டிவிட்டன. "அடைகிடக்கப் போகுது, தண்ணியில முக்கி எடு" எண்டா அம்மா. அது யாழ்ப்பாணத்து வைத்தியம். இந்தக் குளிரில் முக்கினால் கோழியே மிஞ்சாது.

மகள் கேட்டதுதான் பெரிய கேள்வி: "அப்பா, முட்டை போடாட்டி கறி வைப்பீங்களா?" அம்மா வேற பக்கம் பார்த்தா.

காரணம் வெளிச்சம். அது மண்டையோட்டின் ஊடாகவே கோழியின் மூளைக்குப் போய்ச் சேரும். பகல் குறுகினால் முட்டை உருவாக்கும் ஹோர்மோனும் குறையும். யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்கப் பகல் 12 மணித்தியாலத்தை ஒட்டியே இருக்கும். அம்மாவுக்கு இது புதுசு. இங்கே ஜூனில் 15க்கு மேல், டிசம்பரில் 9க்கும் குறைவு.

கூட்டில பல்ப் போட்டு 14 மணித்தியாலம் ஆக்கினால் திரும்பப் போடும். ஆனால் அப்போது மூன்றும் இறகு உதிர்த்துக்கொண்டிருந்தன. இறகு பெரும்பாலும் புரதம்; முட்டைக்கும் புரதம் வேணும். ரெண்டையும் ஒரே உடம்பிட்டக் கேட்க எனக்கு மனம் வரேல்ல. புரதம் கூடின தீனி போட்டு, தண்ணி உறையாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பகல் 10 மணித்தியாலம் தாண்டுறது பெப்ரவரியில். அந்த நாளை மகள் கலண்டரில் வட்டம் போட்டு வைச்சிருக்கிறாள். அதுவரை கடை முட்டைதான். கறி இல்லை எண்டு அம்மாவும் சொல்லிட்டா.