'யாரு?' என்று கேட்டால் பாதி இங்கிலீஷ் புரியும்!

திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸில் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் சவால் மெயில்தான். கலர், சைஸ், ஷிப்மென்ட் என்று வெளிநாட்டு பையர் சொல்வதெல்லாம் இங்கிலீஷில் வரும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த அந்த இளம்பெண்ணுக்கும் அதுதான் சவால். தெரியாத வார்த்தை என்றால் மொபைலில் தேடிவிடலாம். எல்லா வார்த்தையும் தெரிந்தும் வாக்கியம் புரியவில்லை என்றால்?

சேர்ந்த புதிதில் ஒரு மெயில் வந்தது. 'ஒன்ஸ் தி லேப் டிப் இஸ் அப்ரூவ்ட், டையிங் கேன் பி ஸ்டார்ட்டட்.' லேப் டிப் என்பது, பையர் கேட்ட நிறத்தில் சின்னத் துணிக்குச் சாயமேற்றி அனுப்பும் மாதிரி. 'அப்ரூவ்ட்' என்று இருந்ததால் ஓகே ஆகிவிட்டது என நினைத்து, சாயப்பட்டறைக்கு போன் போட்டு, "ஆரம்பிச்சிடலாம்ணா" என்றார்.

டையிங் மாஸ்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்ரூவல் யாரு குடுத்தாங்க அம்மணி?"

மறுபடி மெயிலைப் பார்த்தார். எந்தப் பெயரும் இல்லை. யாரும் அப்ரூவல் கொடுத்திருக்கவில்லை. 'அப்ரூவ் ஆனதும் ஆரம்பிக்கலாம்' என்பதுதான் அதன் அர்த்தம். அன்று மொத்தத் துணிக்கும் சாயமேற்றி, பிறகு பையர் 'இந்த ஷேட் வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் அத்தனையும் நஷ்டம்.

பேஸிவ் வாய்ஸ் தடுமாற வைப்பது இந்த இடத்தில்தான். 'அப்ரூவ்ட்' என்பது பார்க்க இறந்தகாலம் போல இருக்கும். ஆனால், காலத்தைச் சொல்வது அதற்கு முன்னால் வரும் குட்டி வார்த்தைகள். 'ஹேஸ் பீன் அப்ரூவ்ட்' என்றால் முடிந்துவிட்டது. 'வில் பி அப்ரூவ்ட்' என்றால் இனிமேல்தான். முன்னால் 'ஒன்ஸ்' வந்தால், அது நடக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

செய்தவர் பெயரை மறைத்துப் பேசுவது நமக்கும் புதிதல்ல. 'பாடம் என்னால் படிக்கப்பட்டது' என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால், டம்ளரைக் கீழே போட்ட பிள்ளை, "அம்மா, டம்ளர் உடைஞ்சிடுச்சு" என்றுதான் சொல்லும். "யாருடா உடைச்சது?" என்று அம்மா கேட்பார். பேஸிவ் வாக்கியத்திடமும் அதே கேள்வியைக் கேட்டால் போதும்.

பெரிய மனிதர்களும் இப்படிப் பேசியிருக்கிறார்கள். ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் சிக்கிய அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன், 1987 ஜனவரியில் நாடாளுமன்ற உரையில், 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்றார். பெரிய தவறுகள் நடந்துவிட்டனவாம். செய்தது யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை.

அதற்காக பேஸிவ் என்றாலே ஒளிவுமறைவு என்று நினைக்க வேண்டாம். 'தி கூட்ஸ் வேர் ஷிப்ட் ஆன் மண்டே' என்னும்போது, சரக்கு கிளம்பியதுதான் முக்கியம். லாரியில் ஏற்றியவர் பெயர் யாருக்கும் தேவையில்லை.

அடுத்த தலைவலி, உருவகப் பேச்சு. 'தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்' என்று மெயில் வந்தபோது, கோர்ட், கேஸ் என்று அந்தப் பெண்ணுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அது டென்னிஸ் கோர்ட். 'அடுத்து முடிவெடுக்க வேண்டியது நீங்கள்' என்று அர்த்தம். 'நோ கார்னர்ஸ் ஷுட் பி கட்' என்று வந்ததும் கட்டிங் செக்‌ஷனுக்கே போய் விசாரித்தார். பணத்தையோ நேரத்தையோ மிச்சம் பிடிக்க வேலையின் தரத்தைக் குறைக்காதீர்கள் என்பதுதான் விஷயம்.

இதற்கும் சாவி நம்மிடமே இருக்கிறது. 'கடைசி நேரத்துல கைகழுவிட்டான்' என்றால் நாம் சோப்பைத் தேடுவதில்லை. 'காது குத்தாதே' என்றால் ஊசியைத் தேடுவதில்லை. சொன்னது சொன்னபடியே இங்கே நடக்குமா என்று யோசித்து, நடக்காது என்றால் வேறு அர்த்தத்துக்குப் போய்விடுகிறோம். இங்கிலீஷ் வாக்கியத்திலும் அதே யோசனைதான் வேண்டும்.

இப்போது அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறது. அதில் இரண்டே கேள்விகள்: யாரு? நிஜமாவா? விடை கிடைக்காத மெயிலுக்கு அவர் அனுப்பும் பதில், 'மே ஐ நோ ஹூ வில் கன்ஃபர்ம் திஸ்?' இதை யார் உறுதி செய்வார்கள் என்று தெரிந்துகொள்ளலாமா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதுவரை எந்த பையரும் கோபித்துக்கொண்டதில்லை.