கண்ணாடியில கைவெச்சா..!

ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களே... திருவல்லிக்கேணி தெரு கிரிக்கெட்ல ஒரு சிக்ஸர். முன் கண்ணாடியில சிலந்தி வலை மாதிரி விரிசல்! பக்கத்துலயே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, கார் சாமான் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. இறக்குமதி கார்னா ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டி வரலாம்.

காத்திருங்க பாஸ். அது வெறும் ஜன்னல் இல்லை. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் படலம் வெச்ச சாண்ட்விச். உடைஞ்சாலும் முகத்துல சிதறாது. பிரான்ஸ்காரர் பெனடிக்டஸ் 1909-ல பேட்டன்ட் வாங்கின ஐடியா. பல கார்கள்ல பக்கத்து சீட் ஏர்பேக் விரியும்போது முட்டுக்கொடுக்கிறதும் இந்தக் கண்ணாடிதான்.

அதனால, பேரம் பேசறதுக்கு முன்னாடி, 'லேமினேட்டட்தானேண்ணே? பசை இறுக எத்தனை மணி நேரம் ஆகும்?'னு கேளுங்க. அதுக்குள்ள பீச் ரோட்டுல ரவுண்டு கிளம்பி எங்கேயாவது மோதினா, கண்ணாடியே கழண்டுடலாம்.

வேகம் பிடிக்கும்னா பொறுமையும் பிடிக்கணும். மெரினா எங்கேயும் ஓடிடாது!