எப்ப வெளிக்கிடுறாய்?

யாழ்ப்பாணத்தில் இருபத்தைந்து வயதைத் தாண்டின ஒரு பிள்ளையைக் கண்டால் ஊர் கேட்கிற முதல் கேள்வி மாறிப்போச்சு. முந்தி 'என்ன படிக்கிறாய்?' என்று கேட்டார்கள். பிறகு 'வேலை சரிவந்திட்டுதோ?' என்றார்கள். 2022இற்குப் பிறகு நேரடியாகவே 'எப்ப வெளிக்கிடுறாய்?' தான். எங்கே என்று யாரும் சொல்வதில்லை, சொல்லத் தேவையுமில்லை. கோயில் வீதியில் கேட்டார்கள், கலியாணவீட்டில் கேட்டார்கள், செத்தவீட்டிலும் கேட்டுவிட்டார்கள். 'நான் போகேல்லை மாமி' என்றால், 'ஏன் பிள்ளை, விசா ரிஜெக்ட் ஆயிட்டுதோ?' என்று அடுத்த கேள்வி வரும்.

இந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. போகிறவர் கெட்டிக்காரர், நிற்கிறவர் ஏலாதவர். ஆர் போவது, ஆர் நிற்பது என்பது ஏதோ எங்கட துணிச்சலைப் பொறுத்த விஷயம் என்கிற மாதிரித்தான் எல்லாரும் கதைக்கிறார்கள். எங்கட பட்ச்சில் நடந்ததை வைத்துப் பார்த்தால் அது அப்படி இல்லை. டொலரின் விலை, வீட்டில் காணி உறுதி இருக்கா இல்லையா, நீ எத்தனையாவது பிள்ளை, ஆணா பெண்ணா, இவைதான் பெரும்பாலும் முடிவெடுத்தன.

நாங்கள் 2017இல் ஏ.எல். எழுதிக் கலைப்பீடத்துக்குப் போனவர்கள். கம்பஸ் வாசலை மிதித்துக் கொஞ்ச நாளில், 2019 ஏப்ரலில், ஈஸ்டர் குண்டுவெடிப்பு. 2020 மார்ச்சில் கொரோனா. சிக்னல் கிடைக்கிற ஒழுங்கை முகப்புகளில் நின்றுகொண்டு சூமில் விரிவுரை கேட்டோம். அது ஓய்ந்து, திரும்ப ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வகுப்பில் இருக்கத் தொடங்கின நேரம் நெருக்கடி வந்தது.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களை இப்போதைக்குத் திருப்பிக் கட்ட ஏலாது என்று அரசாங்கம் அறிவித்தது. எங்களுக்கு அது அதற்கு முதலே தெரிந்துவிட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. மகாபொல 5,000 ரூபாதான், அது ஏறவில்லை. சாப்பாட்டுப் பார்சலின் விலை மட்டும் கிழமைக்குக் கிழமை ஏறியது. அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தையும் தாண்டியது. போர்டிங்கில் நின்ற பெட்டையள் ஒரு பார்சலை இரண்டு பேர் பிரித்துச் சாப்பிட்டார்கள்.

வீடுகளிலும் அதே நிலைதான். எங்களில் ஒருத்தனின் அப்பா வடமராட்சியில் தொழிலுக்குப் போகிறவர். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியது. எஞ்சின் படகில் ஒருக்கால் போய் வருகிற செலவுக்கே பட்ட மீன் காணாது. இன்னொருத்தியின் வீட்டில் தோட்டம். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது விழுந்த விளைச்சலின் கடனையே அவர்கள் இன்னும் கட்டிமுடிக்கவில்லை. இப்படியான வீடுகளில் இருந்துதான் 'பிள்ளை படிச்சு முடிச்சிட்டுது, இனி ஏதாவது வரும்' என்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கட அம்மாமாருக்கு வேலை என்றால் அரசாங்க வேலைதான். எங்களுக்கு முந்தின பட்டதாரிகள் 2017இல் கச்சேரிக்கு முன்னால் மாதக்கணக்கில் இருந்து போராடினார்கள். 2020இல் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தபோது கொடுத்தது மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு. அது காணாது என்று நாங்கள் அப்போது பகிடி பண்ணினோம். எங்கட முறை வந்தபோது அதுவும் இல்லை. திறைசேரி காலி, புதிய ஆட்சேர்ப்பு நிறுத்தம். மிச்சமிருந்தவை லீசிங் கொம்பனியில் கடன் அறவிடுகிற வேலை, சுப்பர் மார்க்கட்டில் காசாளர் வேலை, ரியூசன், ஆறு மாத ஒப்பந்தத்தில் ஒரு என்.ஜி.ஓ. வேலை. மாதக் கடைசியில் பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் போக வீட்டுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாத வேலைகள்.

இதெல்லாம் அரசாங்கக் கணக்கில் 'வேலையில்லை' என்று வராது. தொழிற்படை அளவீட்டில், கணக்கெடுக்கிற கிழமையில் ஒரு மணித்தியாலம் சம்பளத்துக்கு வேலை செய்திருந்தாலே தொழிலில் இருப்பவர்தான். தேடிக் களைத்து விட்டுவிட்டவரோ தொழிற்படைக்குள்ளேயே இல்லை. நாட்டின் மொத்த வேலையின்மை ஐந்து வீதத்துக்குள் நிற்பது இந்தக் கணக்கில்தான். அப்படி எண்ணியும் 2022இல் 15 முதல் 24 வயதுக்காரரில் அது இருபது வீதத்துக்கு மேல் இருந்தது. படிப்புக் கூடக் கூட வேலையின்மையும் கூடுகிறது, பெண்களுக்கு இன்னும் கூட. ரியூசன் கொடுத்த எங்கட சிநேகிதி ஒருத்தி, 'நான் கிழமைக்கு நாலு மணித்தியாலம் படிப்பிக்கிறன், அப்ப நான் நாலு மடங்கு வேலைக்காரி' என்று சிரித்தாள்.

இந்த நேரத்தில் அரசாங்கம் ஒரு கதவை மட்டும் நன்றாகத் திறந்துவிட்டது. 2022 ஜூனில், அரச ஊழியர்கள் சம்பளமில்லாத லீவில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. அதே மாதம், வீட்டுப் பணிப்பெண்ணாகப் போவதற்கான ஆகக்குறைந்த வயதை 21 ஆகக் குறைக்க அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்த வருடம் மட்டும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். 2022இல் வெளிநாட்டில் இருந்து வந்த உழைப்புப் பணம் ஏறக்குறைய 380 கோடி டொலர், 2023இல் அது 600 கோடிக்குக் கிட்ட வந்தது. நாடு எழும்பினதற்கு இந்தக் காசு ஒரு பெரிய காரணம். ஆகவே 'மூளைசாலிகள் வெளியேறுகிறார்கள்' என்று மேடையில் கவலைப்படுகிறவர்களை நாங்கள் அப்படியே நம்புவதில்லை. தேயிலை, உடுப்பு மாதிரி நாங்களும் டொலர் கொண்டுவருகிற சரக்காகத்தான் கணக்கில் இருந்தோம்.

வெளிநாடு எங்கட ஊருக்குப் புதிதில்லை. 1983இற்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள் அனுப்பின காசில்தான் எங்களில் பலர் ரியூசனுக்குப் போனோம், சைக்கிள் வாங்கினோம். அதனால் போகிறவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் அப்போது போனவர்களும் இப்போது போகிறவர்களும் ஒரே வாசலால் போவதில்லை. இப்போதைய வாசலில் முதலில் காசு கேட்கிறார்கள்.

லண்டனுக்குப் படிக்கப் போக நினைத்த ஒருத்தியின் கணக்கைப் பாருங்கள். முதல் வருடக் கட்டணம் 12,000 பவுண். 2022 தொடக்கத்தில் பவுண் 270 ரூபா அளவில் நின்றபோது அது 32 இலட்சம். மே மாதம் பவுண் 450ஐத் தொட்டபோது அதே கட்டணம் 54 இலட்சம். அவளுடைய கெட்டித்தனம் ஜனவரிக்கும் மேக்கும் இடையில் குறையவில்லை. காணியை ஈடு வைத்து எடுக்கக்கூடிய தொகை காணாமல் போனதுதான் மாற்றம். அந்தக் காணியும் ஒன்றுதான் இருந்தது, பிள்ளைகள் மூன்று பேர். கடைசியில் தம்பியை அனுப்பினார்கள். 'பெடியன் எண்டால் எந்த வேலையும் செய்து கடனைக் கட்டுவான்' என்றார் அவளுடைய அப்பா. அவளுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். எங்கட பெட்டையளில் பலருக்கு விசா என்பது சாதகக் குறிப்போடு சேர்ந்துதான் வருகிறது.

காணியும் இல்லாதவர்களுக்கு வேறு வழிகள். 2022 மார்ச்சில் மன்னார்ப் பக்கமிருந்து படகில் போய்த் தனுஷ்கோடியில் இறங்கினவர்களிடம் அரிசி வாங்கக் காசில்லை. அந்த வருடம் நவம்பரில் கனடாவுக்கென்று கப்பலேறின 300இற்கும் மேற்பட்ட இலங்கையர் நடுக்கடலில் தத்தளித்து வியட்நாமில் கரையேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தமிழர். எங்கட பட்ச்சிலேயே ஒருத்தன் ஏஜென்சி ஒன்றுக்கு 15 இலட்சம் கட்டி, இரண்டு வருடமாக 'அடுத்த மாதம்' என்ற பதிலோடு இருக்கிறான். பொலிசுக்குப் போகவில்லை. போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். போகாமல் நிற்பதைவிட, போகப் பார்த்து ஏமாந்ததுதான் பெரிய வெட்கம் என்று வீட்டில் நினைக்கிறார்கள். அந்த வெட்கத்தில்தான் ஏஜென்சிக்காரர் பிழைக்கிறார்கள்.

போனவர்களும் முழுக்கக் கதைப்பதில்லை. 2022இல் பிரித்தானியா பராமரிப்பு வேலைக்கு விசா திறந்தபோது எங்களில் மூன்று பேர் போனார்கள். 2024 மார்ச்சில் குடும்பத்தைக் கூட்டிப்போவதை நிறுத்தினார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அங்கிருக்கிற ஒருத்தி இரவு வேலை முடித்து எங்களுக்கு வொயிஸ் போடுவாள். 'வயது போனவையைக் குளிக்க வாக்கிறன். ஆனா என்ர அம்மம்மா சாகேக்க பக்கத்தில இருக்கேலாமப் போச்சு.' அடுத்த நாள் பேஸ்புக்கில் பனிக்குள் நின்று எடுத்த படம் போட்டிருப்பாள். அந்தப் படத்தைத்தான் ஊர் பார்க்கிறது.

அவளுடைய அம்மம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்தது எங்களில் ஒருத்தன். இதையும் சொல்லத்தான் வேண்டும். நிற்கிறவர்கள் சும்மா நிற்கவில்லை. போனவர்களின் தாய்தகப்பனைக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்குகிறோம். அவர்கள் கட்டுகிற வீட்டுக்குச் சீமெந்து வந்ததா என்று பார்க்கிறோம். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு விளக்கேற்றுகிறோம், பிரதேச செயலகத்தில் அவர்களுக்காக வரிசையில் நிற்கிறோம். இதற்குச் சம்பளம் இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் ஒரு சொக்லேட் பெட்டியைத் தந்துவிட்டு 'நீ இன்னும் இங்கதானோ?' என்று கேட்கிறார்கள்.

இப்போது வரிசைகள் இல்லை, கரண்ட் இருக்கிறது, நெருக்கடி முடிந்துவிட்டது என்கிறார்கள். பணவீக்கம் குறைந்தது உண்மை. ஆனால் பணவீக்கம் குறைந்தால் விலை இறங்கும் என்று அர்த்தமில்லை. ஏறின இடத்திலேயே விலை நின்றுவிட்டது. 2022இல் 8 வீதமாக இருந்த வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதம் ஆனது. சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. அதனால்தான் நெருக்கடி முடிந்தும் அந்தக் கேள்வி முடியவில்லை.

போகாதீர்கள் என்று நாங்கள் யாருக்கும் சொல்ல வரவில்லை. எங்களில் சிலர் இதை எழுதும்போதே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். நாங்கள் கேட்பது வேறு. போகிறவர்கள் எவ்வளவு கட்டினீர்கள், யாரிடம் கட்டினீர்கள், கடன் எத்தனை வருடம் என்பதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களிடம் ஒளிக்காமல் சொல்லுங்கோ. ஏமாந்தவர்கள் முறைப்பாடு செய்ய வெளிக்கிட்டால், கூடப் போக நாங்கள் நிற்கிறோம். இருக்கிற ஒரு காணியை ஈடு வைக்க முதல் வீட்டில் பெட்டையளையும் கூப்பிட்டு வைத்துக் கதையுங்கோ.

மாமிமாருக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. எங்களைக் கண்டால் 'எப்ப வெளிக்கிடுறாய்?' என்று கேட்காமல் 'இப்ப என்ன செய்யிறாய், எவ்வளவு தருகினம், காணுதோ?' என்று கேளுங்கோ. சங்கடமான கேள்விதான். ஆனால் அதற்கு எங்களிடம் பதில் இருக்கிறது. அந்தப் பதிலை ஊர் முழுக்கச் சத்தமாகக் கேட்டால்தான், இங்கே நிற்க விரும்புகிற ஒருவர் நிற்பதற்கு என்ன வேண்டும் என்று அடுத்த தேர்தலிலாவது யாரையாவது கேட்கலாம்.