ஆழம் அறிந்து காலை விடுவோம்

ஏரியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். சோழர் காலத்திலேயே ஏரி வாரியம் அமைத்து நீரைக் காத்த உத்திரமேரூர் எங்கள் ஊர். மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கலங்கல் பாயும்போது அதன் அருகே செல்லக் கூடாது. மதகுப் பக்கம் நீந்தக் கூடாது. இது எங்கள் பாட்டிமார் இட்ட சட்டம். ஆனால் அவர்கள் நீச்சலையே தடுக்கவில்லை. இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கிப் பழக்கினார்கள். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பதில் ஆழத்தைத் தெரிந்துகொள் என்ற கட்டளையும் அடங்கியிருக்கிறதன்றோ?

இவ்வாண்டு வகுப்புத் தோழியர் சேர்ந்து மலையேற்றம் செல்ல விரும்பி வீட்டில் அனுமதி கேட்டோம். "குரங்கணியை மறந்துவிட்டீர்களா?" என்பதே பல வீடுகளில் கிடைத்த பதில். "பயப்படுமுன் என்ன நடந்தது என்று படித்துப் பாருங்கள்" என்றார் எங்கள் வகுப்பாசிரியை சிஸ்டர். படித்தோம்.

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் இளம் பெண்கள். அவர்களிடம் துணிவு குறைவாக இருந்ததா? இல்லை. அது கோடையின் தொடக்கம். புல் காய்ந்து கிடந்தது. மலைச்சரிவில் தீ கீழிருந்து மேலே வெகு வேகமாக ஏறும். மனிதரால் அதை முந்த இயலாது. அவர்கள் சென்ற பாதைக்கு அனுமதி பெறவில்லை என்றும் வனத்துறை கூறியது. வழிநடத்துவோரை நம்பிச் சென்றவர்களைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. புறப்படுமுன் கேட்கவேண்டிய கேள்விகளை மட்டும் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

அதன்பின் அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024இல் வனத்துறை நாற்பது பாதைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் அழைத்துச் செல்லும் திட்டத்தைத் தொடங்கியது. காட்டுத்தீ அபாயமுள்ள மாதங்களில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். இதைக் கோழைத்தனம் என்போமா? இதுவே அறிவு.

"பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்போரும் உண்டு. 1984இல் பச்சேந்திரி பால் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். 2023இல் நம் தமிழகத்தின் முத்தமிழ்ச்செல்வி அடைந்தார். இன்ன நேரத்திற்குள் உச்சியை எட்டாவிட்டால், அது கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பது பெருமலை ஏறுவோர் கைக்கொள்ளும் விதி. ஏறுவதைவிட, திரும்புவதற்கே மிகுந்த துணிவு வேண்டும் என்று நாங்கள் எண்ணுகிறோம்.

அன்புள்ள பெற்றோரே, "போகாதே" என்று சொல்லுமுன் எங்களைக் கேளுங்கள். எந்த மாதம்? எந்தப் பாதை? அனுமதி உண்டா? வழிகாட்டி யார்? ஆபத்து வந்தால் இறங்கும் வழி எது? பதில் சொல்ல முடியாவிட்டால் நாங்களே புறப்பட மாட்டோம். எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னால், ஆசி கூறி அனுப்பி வையுங்கள்.