சூரியனைப் படம் பிடிக்கும் மலை

கொடைக்கானலுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏரியில் படகு விட்டதைச் சொல்வார்கள். தூண் பாறைக்கு எதிரே நின்று படம் எடுத்துக்கொண்டதைச் சொல்வார்கள். வாங்கி வந்த தைலப் புட்டியை எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் ஊருக்கு மேலே, எல்லாவற்றையும்விட உயரமான ஓரிடத்தில், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே ஒரு முகத்தை மட்டும் படம் பிடித்து வரும் கூடம் ஒன்று இருப்பதை அவர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அந்த முகம் சூரியனுடையது.

அந்தக் கூடத்துக்கும், பேராக்கில் பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த நமக்கும் ஓர் உறவு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரே விமானம் போகிறது. திருச்சியில் இறங்கி, திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக மலையேற வேண்டும். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் பேருந்தில் ஏறி, பாதி வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு இந்த வளைவுகள் புதிதாக இராது. ஆனால் குளிர் புதிது. வானாய்வுக் கூடம் இருக்கும் இடம் 2,343 மீட்டர் உயரம். நம் தானா ராத்தாவைவிட ஏறக்குறைய 900 மீட்டர் மேலே. சட்டைக்கு மேல் ஒரு கம்பளி இல்லாமல் போகாதீர்கள்.

மரங்களுக்கு நடுவே வெள்ளைக் குவிமாடங்கள் தெரியும். ஆரவாரம் எதுவும் கிடையாது. பார்வையாளர்களுக்கென்று ஒரு சிறிய காட்சியகம் இருக்கிறது. அங்கே சூரியனின் பிம்பத்தை நேரடியாகத் திரையில் விழச் செய்து காட்டுகிறார்கள். அதன் ஒளியை வானவில்லாகப் பிரித்தும் காட்டுகிறார்கள். அந்த வானவில்லின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடும். சூரியனில் என்னென்ன மூலப்பொருள் உண்டு என்பதை அந்தக் கோடுகளை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். நான் வெகுநேரம் நின்றது அந்த இடத்தில்தான். பின்னால் வந்த சுற்றுலாக் கூட்டம் இரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்து, ‘ஏரி எந்தப் பக்கம்?’ என்று கேட்டுக்கொண்டே போய்விட்டது.

இனி அந்த உறவுக்கு வருகிறேன்.

‘தாது வருடப் பஞ்சம்’ என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தாது வருடம் என்பது 1876-77. மழை பொய்த்தது. சென்னை மாகாணமும் தென்னிந்தியாவின் பெரும்பகுதியும் 1878 வரை பட்டினியில் கிடந்தன. ஐம்பது லட்சம் பேருக்கு மேல் மாண்டதாகக் கணக்கு. கஞ்சித் தொட்டிகளின் முன்னே மக்கள் வரிசையில் நின்ற அதே காலத்தில், துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிச் சீமைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

இந்தப் பஞ்சத்துக்குக் காரணம் தேடியவர்களில் சிலர் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றுவதும், சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவை பெருகிக் குறைவதும் அப்போதே தெரிந்திருந்தது. புள்ளி குறைந்த ஆண்டுகளில் மழையும் குறைகிறதோ என்று ஐயம் எழுந்தது. வானியலாளர் நார்மன் லாக்யரும், இந்தியப் புள்ளிவிவரத் துறையின் தலைவராயிருந்த ஹண்டரும் சேர்ந்து, சூரியப் புள்ளிகளும் பஞ்சங்களும் என்ற பொருளில் 1877-இல் ஒரு கட்டுரையே எழுதினார்கள். சூரியனை விடாமல் கவனித்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டி அறியலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. அதன் விளைவாக, 1893-இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் அமைக்க ஒப்புதல் கிடைத்தது. 1895-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1899-இல் சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுப் பணிகள் மலைக்கு மாறின.

அதே 1877-இல் நம் பக்கம் என்ன நடந்தது தெரியுமா? அந்த ஆண்டுதான் 22 பால்மரக் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பதைப் பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலாகங்சாரில் தம் தோட்டத்தில் நட்டார். அந்தக் காலத்து மரம் என்று சொல்லப்படும் முதுமரம் ஒன்றை அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலி போட்டுக் காத்து வருகிறார்கள். ஈப்போவிலிருந்து போனால் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம். பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். மலாயாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் வந்தார்கள். பின்னாளில் பால்மரத்துக்கு ஆள் வேண்டியிருந்தபோது திருச்சி, தஞ்சை, சேலம், ஆற்காட்டு வறண்ட கிராமங்களிலிருந்து மேலும் மேலும் கப்பலேறினார்கள். ஆக, ஒரே பசி நம் முன்னோரைப் பிரட்டுக்களத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. அந்த மலையில் ஒரு தொலைநோக்கியையும் கொண்டுபோய் நிறுத்தியது.

அவர்கள் எதிர்பார்த்தபடி சூரியப் புள்ளி மழையைச் சொன்னதா என்றால், இல்லை. பசிபிக் கடலின் வெப்பம் ஏறி இறங்குவதற்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்புதான் பெரிது என்று பின்னால் தெரிந்தது. 1877-ஆம் ஆண்டு வலுவான எல் நினோ ஆண்டு. நமக்கும் அந்தப் பெயர் பழக்கம்தான். 2016-இல் செம்பனை வாடி, ஆறு வற்றிய வெயிலை மறந்திருக்க மாட்டீர்கள். தானியம் கப்பலேறியதற்கோ கடலும் பொறுப்பில்லை, சூரியனும் பொறுப்பில்லை.

ஆனால் தொடங்கிய வேலையை அந்த மலையில் நிறுத்தவில்லை. 1904 முதல் மேகம் விட்ட நாளெல்லாம் படம் எடுத்தார்கள். கண்ணாடித் தட்டில் விழும் சூரியன் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலம். நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் சிறியது. இருட்டறையில் மருந்து நீரில் போட்டு எடுத்து, ஹைப்போவில் நிலைப்படுத்தி, கழுவி, உலர்த்தி, தேதி எழுதி அடுக்கி வைத்தார்கள். சுண்ணாம்புச் சத்தான கால்சியம் வீசும் ஊதா ஒளியில் ஒரு படம், ஹைட்ரஜனின் சிவப்பொளியில் ஒரு படம் என்று தனித்தனியாகவும் எடுத்தார்கள். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்பவர், சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிநோக்கி ஓடுவதை அங்கேதான் கண்டுபிடித்தார். இன்றும் அதற்கு உலகெங்கும் எவர்ஷெட் விளைவு என்றே பெயர். அவர் மனைவி மேரியும் ஒரு வானியலாளர். சூரிய விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளை ஆராய்ந்தவர். பிற்காலத்தில், 1960 முதல், வைணு பாப்பு அந்தக் கூடத்தை நடத்தினார். 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் சூரிய ஒளியைப் படுக்கை வாட்டில் செலுத்தும் பெரிய தொலைநோக்கியும் அங்கே உண்டு.

பெரிய பெயர்களைச் சொல்லிவிட்டேன். தினமும் காலையில் குவிமாடத்தைத் திறந்து, தட்டைப் பொருத்தி, மேகம் விலகக் காத்திருந்த உள்ளூர் உதவியாளர்கள் இல்லையென்றால் இந்தச் சேமிப்பே கிடையாது. விடியுமுன் எழுந்து, மழை தூறுமா தூறாதா என்று வானத்தைப் பார்த்து, வெட்டுக்குப் போவதா வேண்டாமா என்று காத்திருந்த நம் வீட்டாருக்கு அந்தக் காத்திருப்பு புரியும்.

அந்தப் பழைய தட்டுகளை இப்போது கணினியில் ஏற்றிவிட்டார்கள். இணையத்தில் எவரும் தேதி பார்த்து எடுக்கலாம். நம்மில் பலர் வீட்டில் பாட்டனாரின் படம் ஒன்றுகூட இல்லை. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கியபோது அவரை யாரும் படம் எடுக்கவில்லை. ஆனால் அவர் இறங்கிய தேதி ஒரு பழைய தாளில் இருக்குமானால், அன்று மலையில் மேகம் இல்லாதிருந்தால், அன்றைக்கு அவர் தலைக்கு மேலே காய்ந்த சூரியனின் படம் உங்களுக்குக் கிடைக்கும். புள்ளி புள்ளியாக எண்ணிப் பார்க்கலாம்.

இதையெல்லாம் மலையில் இருப்பவர்கள்தான் செய்ய வேண்டுமா? நம் தோட்டத்திலும் செய்யலாம். அதற்கு முன் ஒரு பேச்சு. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கவே கூடாது. தொலைநோக்கி, இருகண் நோக்கி வழியாகப் பார்த்தால் கண் போய்விடும். விழித்திரைக்கு வலி தெரியாது. கெட்ட பிறகுதான் தெரியும். கரி பூசிய கண்ணாடி, பழைய எக்ஸ்ரே பிலிம், கறுப்புக் கண்ணாடி எதுவும் உதவாது. சூரியனுக்கென்றே செய்த வடிகட்டித் தாள் விற்கிறார்கள். ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும். அதைத் தொலைநோக்கியின் முன்வாயில், காற்றடித்தாலும் கழலாதபடி கட்ட வேண்டும். கண் வைக்கும் பக்கத்தில் பொருத்துவது ஆபத்து. கட்டுவதற்கு முன் ஓட்டை, கீறல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

காசு செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. பால்மர நிழலில் வட்ட வட்டமாக வெயில் விழுவதைச் சிறுவயதிலிருந்து மிதித்து நடந்திருக்கிறோம். இலை இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும் தரையில் விழுவது வட்டம்தான். ஏனென்றால் ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். அட்டையில் ஊசித்துளை போட்டுப் பாருங்கள். துளைக்கும் வெள்ளைத் தாளுக்கும் இரண்டு மீட்டர் இடைவெளி விட்டால் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் சூரியன் விழும். அதை எந்தக் கைப்பேசியிலும் படம் எடுத்துக்கொள்ளலாம். புள்ளிகள் அதில் தெரியாது. புள்ளி தெரிய வேண்டுமானால் வடிகட்டித் தாளும் சிறு தொலைநோக்கியும் வேண்டும்.

இடமும் நேரமும் முக்கியம். தகரக் கூரைக்கு மேலே பார்த்தால் படம் கொதிக்கிற தண்ணீர்போல் நெளியும். சூடேறிய காற்றின் வேலை அது. காலை எட்டரையிலிருந்து பத்து மணிக்குள் எடுப்பது நல்லது. கிந்தா பள்ளத்தாக்கில் அதற்குப் பிறகு மேகமும் கூடிவிடும். தண்ணீரை ஒட்டிய இடம் அதைவிட நல்லது. வடஇந்தியாவில் உதயப்பூர் சூரிய ஆய்வுக்கூடத்தை ஏரிக்கு நடுவே கட்டியிருப்பது இதனால்தான். நமக்கு ஏரி எதற்கு? கம்பார், கோப்பேங், பத்து காஜா பக்கமெல்லாம் பழைய ஈயக்குட்டைகள் கிடக்கின்றன. ஈயம் எடுத்து முடித்தவர்கள் நமக்கு விட்டுப்போன நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கரையில் முக்காலியை ஊன்றுங்கள். பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள்.

ஒரே ஒரு படம் எடுத்தால் காற்று கெடுத்துவிடும். ஆகவே ஒரு நிமிட வீடியோ எடுக்கிறோம். அதில் ஆயிரத்துக்கு மேல் படங்கள் இருக்கும். கணினி அவற்றில் தெளிந்தவற்றைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சேர்க்கும். ஆட்டோஸ்டாக்கர்ட், ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மங்குமங்காகச் சேர்த்த பாலைத் தூசு தும்பு போக வடிகட்டி ஒன்றாக ஊற்றுவதுபோல்தான். சேர்த்தபின் கொஞ்சம் கூர்மை ஏற்றலாம். கொஞ்சம் என்றால் கொஞ்சம். மிஞ்சினால் சூரியனில் இல்லாத கோடெல்லாம் வந்து நிற்கும். மஞ்சள் நிறம் ஏற்றுவதும் எனக்குப் பிடிக்காது. சூரியன் உண்மையில் வெள்ளை. நாளுக்கொரு படம் என்று இரண்டு வாரம் எடுத்து வரிசையாக ஒட்டினால், புள்ளிகள் ஒரு விளிம்பில் தோன்றி மறு விளிம்பில் மறைவதைக் காணலாம். சூரியன் தன்னைத்தானே சுற்றுவதைப் பாடநூலில் படித்த பிள்ளை, அதைச் சுவரிலேயே பார்த்துவிடும்.

2024 மே மாதம் பூமியைப்போல் சுமார் 15 மடங்கு அகலமான புள்ளிக்கூட்டம் ஒன்று வந்தது. அதிலிருந்து கிளம்பிய வெடிப்புகளால் பூமியில் பெரும் காந்தப் புயல் வீசியது. இத்தகைய வெடிப்புகளை விண்ணிலிருந்தே கண்காணிக்க, 2023 செப்டம்பர் 2 அன்று இந்தியா ஆதித்யா எல்-1 கலத்தை அனுப்பியது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையில் பிறந்தவர். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தப் பெயரை வீட்டில் ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள்.

2019 டிசம்பர் 26 அன்று நம் நாட்டில் சரவாக்கில் சூரியன் வளையமாகத் தெரிந்தது. பேராக்கில் பிறைபோல் குறைந்தது. பள்ளி விடுமுறை, ஆனாலும் கிரகணம் என்று பல வீடுகளில் பிள்ளைகளை வெளியே விடவில்லை. எங்கள் தோட்டத்தில் துணிந்து வந்த ஐந்தாறு பேருக்கு மரத்தடியில் வெள்ளை வேட்டியை விரித்துக் காட்டினேன். வட்டம் வட்டமாக விழும் வெயில் அன்று பிறை பிறையாக விழுந்தது. ஒரு பாட்டி லயத்து வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, பிறகு மெல்ல இறங்கி வந்து வேட்டி ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து 2031 மே 21, புதன்கிழமை. அன்றைய வளையக் கிரகணத்தின் பாதை தென்னிந்தியாவைக் கடந்து, மலேசியா, இந்தோனேசியா என்று வருகிறது. நமக்குப் பிற்பகல் நேரம். இன்று எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் அப்போது வளர்ந்திருப்பார்கள். வடிகட்டித் தாளை இப்போதே வாங்கிப் பழக்கிவிடுங்கள்.